கன்சோலுக்குப் பொதுவான டிராஃபி வேண்டுமா? பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், நின்டெண்டோ ஸ்விட்ச்: ஒரு மதிப்புரை

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கேம் கன்சோல் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பொதுவாக விலை என்ன, எவ்வளவு இடம் இருக்கிறது, எந்தெந்த கேம் ஓடும், கூட ஒரு கன்ட்ரோலர் கிடைக்குமா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். வாங்கிய பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த இயந்திரத்தில் நாம் எப்படி விளையாடப்போகிறோம் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கும் ஒன்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு கேமில் குறிப்பிட்ட செயலைச் செய்து முடித்தவுடன் திரையின் ஓரத்தில் சிறு ஒலியோடு வந்து நிற்கும் டிராஃபியைத்தான் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸில் அதை அச்சீவ்மென்ட் என்கிறார்கள். அந்தந்த கேமுக்குள் கிடைக்கும் பரிசுகளைப் போல இது அந்த கேமோடு முடிந்துவிடுவதில்லை. கன்சோலின் இயங்குதளமே எல்லா கேம்களுக்கும் சேர்த்து நம் கணக்கில் எழுதிவைக்கும் பதிவு இது. இந்த ஒரு வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கன்சோல்களையும் மதிப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. மன்னார்குடியில் அக்கா வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இருக்கிறது. மச்சான் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த நின்டெண்டோ ஸ்விட்ச், பிள்ளைகளின் பையில் இரண்டு வீடுகளுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. ஸ்விட்சை நின்டெண்டோ நிறுவனம் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்குக் கொண்டுவரவில்லை; ஆகவே டெல்டா மாவட்டங்களில் கண்ணில் படும் ஸ்விட்ச் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று எங்கிருந்தோ உறவினர் கையில் வந்ததாகவோ, இறக்குமதி செய்து விற்கும் கடையில் வாங்கியதாகவோதான் இருக்கும். மூன்றையும் நெடுநாள் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்சோல் எதுவானாலும் பொதுவான டிராஃபிப் பதிவு அதில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதிவைக் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக்கி ஊரார் முன் நிறுத்துவதும், விரும்பாத கேம் மீது அதைக் கட்டாயமாகத் திணிப்பதும் தவறு.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1980களின் தொடக்கத்தில், அட்டாரி 2600 கன்சோலுக்கு கேம் செய்துவந்த ஆக்டிவிஷன் நிறுவனம், தன் கேம்களில் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டியவர்கள் டிவி திரையைப் புகைப்படம் எடுத்து அஞ்சலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளக்கூடிய துணிச் சின்னம் ஒன்றைத் திருப்பி அனுப்பியது. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, தன் கன்சோலில் வெளிவரும் எல்லா கேம்களிலும் அச்சீவ்மென்ட் இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. அவற்றின் புள்ளிகளை எல்லாம் கூட்டி ‘கேமர்ஸ்கோர்’ என்ற ஒரே எண்ணாகவும் ஆக்கியது. 2007இல் கணினிகளுக்கான ஸ்டீம் சேவையிலும், 2008 ஜூலையில் பிளேஸ்டேஷன் 3இன் 2.40 மென்பொருளிலும் இந்த வசதி வந்தது. 2009 ஜனவரி முதல் புதிய பிளேஸ்டேஷன் கேம்களுக்கு டிராஃபி கட்டாயமானது. நின்டெண்டோ மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை இந்த வழிக்கு வரவில்லை. 2017இல் வந்த ஸ்விட்சிலும் இல்லை, 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இலும் இல்லை.

பிளேஸ்டேஷன் 5இலிருந்து தொடங்குகிறேன். இங்கே டிராஃபிகள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு தரம். ஒரு கேமின் மற்ற டிராஃபிகள் அனைத்தையும் பெற்றவருக்கே பிளாட்டினம் கிடைக்கும். சிறிய கேம்கள் சிலவற்றில் பிளாட்டினமே இருக்காது. 2020 அக்டோபரில், பிளேஸ்டேஷன் 5 வெளிவருவதற்குச் சற்று முன்பு, சோனி இந்தக் கணக்கைத் திருத்தியமைத்தது. டிராஃபிகளின் புள்ளிகள் சேரச் சேர நம் கணக்கு ஏறும் நிலைகள் (லெவல்) நூறிலிருந்து 999 வரை நீண்டன. வெண்கலத்துக்கு 15, வெள்ளிக்கு 30, தங்கத்துக்கு 90 புள்ளிகள் என்பது அப்படியே இருக்க, பிளாட்டினத்துக்கு மட்டும் 180 புள்ளிகள் 300 ஆயின. இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பத்து கேம்களைத் தொட்டுத் தொட்டு விடுகிறவரைக் காட்டிலும், வாங்கிய ஒன்றை முழுதாக விளையாடித் தீர்க்கிறவருக்கு மதிப்புக் கொடுக்கும் மாற்றம் இது. ஒரு புதிய கேமுக்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, அடுத்ததை வாங்க மாதக்கணக்கில் காத்திருக்கும் நம் வீடுகளுக்கு இந்தக் கணக்குதான் பொருந்தும்.

திரையில் அது எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலரின் நடுவிலிருக்கும் பிஎஸ் பொத்தானை அழுத்தினால், கீழே அட்டைகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் ஒன்று டிராஃபி அட்டை. அதைத் திறந்தால் ஒவ்வொரு டிராஃபியின் பெயரும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரியும், உலகெங்கும் அந்த கேமை விளையாடியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் அதைப் பெற்றிருக்கிறார்கள் என்பதும், நாம் பெற்றிருந்தால் எந்த நாளில் பெற்றோம் என்பதும் இருக்கும். பாதியில் நிற்கும் டிராஃபிகளில் ஐந்து வரை தேர்ந்தெடுத்து, வேண்டும்போது சட்டென்று பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். கதையின் திருப்பங்களைச் சொல்லிவிடக்கூடிய டிராஃபிகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். நாமாக விரும்பினால்தான் திறக்கும். கன்சோலோடு இலவசமாகவே வரும் அஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற கேம் இந்த அமைப்புக்கு மிகச் சிறந்த அறிமுகம். அதன் டிராஃபிகள் கடினமானவை அல்ல. ஆனால் அவற்றைத் தேடிப் போகிறவர்கள், இல்லாவிட்டால் ஓடிக் கடந்துவிடக்கூடிய மூலைகளை எல்லாம் நின்று பார்ப்பார்கள். பழைய பிளேஸ்டேஷன்களின் சின்னங்களை அந்த மூலைகளில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். முதன்முதலாகக் கன்ட்ரோலரைப் பிடித்த என் மனைவி, முழு கேமையும் முடித்து பிளாட்டினம் வாங்கியது அதில்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. கதையின் உச்சத்தில், ஒரு பாத்திரம் உயிர்விடும் நேரத்தில், வலது மேல் மூலையில் கோப்பைப் படம் வந்து நிற்பது பொறுத்துக்கொள்ள முடியாத இடையூறு. அதை அமைப்பில் நிறுத்திவைக்கலாம். ஆனால் நிறுத்தலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, டிராஃபி கிடைத்த கணத்தைக் கன்சோல் தானாகவே ஸ்கிரீன்ஷாட்டாகவும் வீடியோவாகவும் சேமித்துக்கொள்வது. 825 ஜிபி என்று அறிவிக்கப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் 5இல் நாம் பயன்படுத்தக் கிடைப்பது ஏறத்தாழ 667 ஜிபிதான். பெரிய கேம் ஒன்றே நூறு ஜிபியைத் தாண்டும் காலத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத வீடியோக்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மேலாக, இந்தப் பதிவு எதற்கு வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் பெரியப்பா மகன், அப்போது பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தார். ஓடு பறந்து, மழை நேராக வீட்டுக்குள் இறங்கியதில், கட்டிலோடு, பீரோவோடு, டிவியோடு அந்த கன்சோலும் போயிற்று. மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆன அந்த நாள்களில் கன்சோலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பின்னர் எப்போதோ வேறொரு கன்சோல் வாங்கி, தன் பழைய கணக்கில் நுழைந்தபோது, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர வைக்கும், அவர் விளையாடிச் சேர்த்திருந்த சேவ் கோப்புகள் எதுவும் இல்லை. பிளேஸ்டேஷனில் சேவ் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்க பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், அவர் கட்டியிருக்கவில்லை. டிராஃபிப் பட்டியல் மட்டும் முழுதாக இருந்தது. அதற்குச் சந்தா தேவையில்லை; இணையத்தில் ஒருமுறை இணைந்தால் போதும், அது கணக்கோடு சேர்ந்துவிடும். அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி வந்தது. தீபாவளி விடுமுறையில் அவரும் அவர் தம்பியும் இரவெல்லாம் உட்கார்ந்து ‘காட் ஆஃப் வார்’ கேமை முடித்ததற்கான டிராஃபிகள், அந்தத் தேதிகளோடு அப்படியே இருந்தன. அண்ணன் அந்தப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே, “எல்லாம் போச்சுன்னுல்ல நெனச்சேன், இது இருக்கே” என்றார். இயந்திரம் அழிந்தாலும், கேம் தட்டு தொலைந்தாலும், நாம் விளையாடினோம் என்பதற்கான சான்று எங்காவது இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான டிராஃபிப் பதிவுக்கு ஆதரவாக நான் முன்வைக்கும் முதன்மையான வாதம்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இந்தியாவில் 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு அறிமுகமானபோது, அதே தலைமுறைக் கன்சோல்களில் அதுவே மலிவானது. சில விஷயங்களில் இது பிளேஸ்டேஷனைவிட மேல். சேவ் கோப்புகளை இணையத்தில் வைக்கத் தனிச் சந்தா கேட்பதில்லை. 2005இல் பெற்ற அச்சீவ்மென்ட் இன்றும் அதே கணக்கில் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கேம்களும் அதே கணக்கில்தான் சேரும். பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் பெற்ற அச்சீவ்மென்டுக்குத் தனி ஒலியும் வைரச் சின்னமும் உண்டு. திரையின் கீழ்ப்பகுதியில் நடுவில் ஒரு வட்டம் வந்து, பக்கவாட்டில் விரிந்து, பெயரைக் காட்டிவிட்டு மறையும் அழகு பிளேஸ்டேஷனில் இல்லை.

ஆனால் எக்ஸ்பாக்ஸின் அடிப்படையே கேமர்ஸ்கோர் என்ற கூட்டுத்தொகை. பெயருக்குப் பக்கத்தில் எங்கு போனாலும் அந்த எண் வரும். ஒரு கேமுக்குப் பொதுவாக ஆயிரம் புள்ளிகள். நூறு மணி நேரம் உழைக்க வேண்டிய கேமுக்கும் ஆயிரம், ஒரு மாலையில் முடிந்துவிடும் கேமுக்கும் ஆயிரம். இதன் விளைவு என்னவாக இருக்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2007இல் வந்த ‘அவதார்: தி பர்னிங் எர்த்’ என்ற கேமில், தொடர்ந்து ஐம்பது அடிகள் அடித்தால் சில நிமிடங்களிலேயே ஆயிரம் புள்ளிகளும் கிடைத்துவிடும். அந்த கேமின் கதை என்ன என்று கேட்டால் பதில் தெரியாதவர்கள்கூட, புள்ளிக்காக அதை வாங்கினார்கள், வாடகைக்கு எடுத்தார்கள். 2014 மார்ச்சில் அமெரிக்காவைச் சேர்ந்த ரே காக்ஸ் என்பவர் பத்து லட்சம் கேமர்ஸ்கோரை எட்டிய முதல் மனிதரானார். அவருடைய விடாமுயற்சியை நான் மதிக்கிறேன். எனினும், அத்தனை கேம்களில் எது அவர் மனத்தில் தங்கியது என்பதை அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு டிராஃபிக்குத் தேதியும் பெயரும் பொருளும் உண்டு. ஆயிரம் டிராஃபிகளின் கூட்டுத்தொகைக்கு அவற்றில் எதுவுமே இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இது மேலும் கவலைக்குரியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் ஒருநாள், “மாமா, இந்த கேம் நல்லாவே இல்ல, ஆனா ஈஸியா ஆயிரம் வரும், அதான் ஆடுறேன்” என்று சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பள்ளியில் மதிப்பெண், டியூஷனில் மதிப்பெண், ஸ்லிப் டெஸ்டில் மதிப்பெண் என்று நாள் முழுதும் எண்ணால் அளக்கப்படும் ஒரு பிள்ளை, மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் பிடிக்காத வேலையைச் செய்து எண் சேர்ப்பதில் கழிக்கிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் இல்லை. சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசு கிடைக்கும் என்று தெரிந்து வரைந்த குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

நம் விவாதத்துக்கு மிகவும் பயன்படும் ஆய்வு இது. டிராஃபியே கூடாது என்று சொல்பவர்கள் இதன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியையும் சேர்த்துப் பார்த்தால், தீங்கு பரிசில் இல்லை, பரிசை முன்னால் நீட்டிக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பது விளங்கும். ஒரு கேமை முதன்முறை விளையாடும்போது டிராஃபிப் பட்டியல் முழுவதும் மூடியிருந்து, கதையை ஒருமுறை முடித்த பிறகு திறந்தால், முதல் ஆட்டம் கேமுக்காகவே ஆடப்படும். நடுவில் கிடைக்கும் டிராஃபி எதிர்பாராத மகிழ்ச்சியாக இருக்கும். இரண்டாம் முறை ஆட விரும்புகிறவருக்கு அந்தப் பட்டியல் வழிகாட்டியாகும். சோனியும் மைக்ரோசாஃப்டும் இதை இயல்பு அமைப்பாகவே வைக்கலாம். மறைத்து வைக்கும் வசதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நல்ல பட்டியல் எழுதுவதற்கும் கைத்திறன் வேண்டும். 2006இல் காப்காம் வெளியிட்ட ‘டெட் ரைசிங்’ கேமில், 53,594 ஜோம்பிகளைக் கொல்பவருக்கு ஓர் அச்சீவ்மென்ட் உண்டு. கதை நடக்கும் ஊரின் மக்கள்தொகை அது. அந்த எண்ணைப் பார்க்கும் ஆட்டக்காரர், தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று ஒரு கணமாவது நினைப்பார். 2007இல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ’வில், தொடக்கத்தில் கிடைக்கும் தோட்டத்துக் குள்ளன் பொம்மை ஒன்றைச் சண்டைகளுக்கு நடுவிலும், கார் ஓட்டும் பகுதிகளிலும் கீழே விட்டுவிடாமல் கொண்டுபோய், கேமின் இறுதியில் வரும் ராக்கெட்டில் வைக்க வேண்டும் என்பது ஓர் அச்சீவ்மென்ட். அந்த ஒரு வரி, ஏற்கெனவே முடித்த கேமை வேறொரு கேமாகவே மாற்றிவிடுகிறது. இவற்றுக்கு மறுபுறம், ஒரு மேயனைஸ் பாட்டிலைப் பத்தாயிரம் முறை தட்டினால் போதும் என்று செய்யப்பட்டு, டிராஃபிக்காகவே விற்கப்படும் கேம்களும் இருக்கின்றன. இணைய ஆட்டத்துக்கு டிராஃபி வைத்துவிட்டு, சில ஆண்டுகளில் சர்வரை மூடிவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. பிறகு அந்த கேமை வாங்குகிறவர் எவ்வளவு முயன்றாலும் பட்டியலை நிறைவு செய்ய முடியாது. கட்டாயம் என்ற விதி இருக்கும்வரை, சொல்ல எதுவும் இல்லாத கேமும் பட்டியல் போட்டாக வேண்டியிருக்கிறது. ஸ்டீமில் அந்தக் கட்டாயம் இல்லை. டிராஃபி வேண்டாம் என்று நினைக்கும் கேம் அங்கே டிராஃபி இல்லாமலே வெளிவருகிறது, யாருக்கும் அதனால் குறைவில்லை. கன்சோல் நிறுவனங்களும் இந்த வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும்.

ஸ்விட்சைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாக இருக்க விரும்புகிறேன், ஏனென்றால் அதில் விளையாடும்போது பிள்ளைகளின் முகத்தில் இருக்கும் இலகுவான மகிழ்ச்சி மற்ற இரண்டு கன்சோல்களிலும் நான் அடிக்கடி காணாதது. ‘சூப்பர் மாரியோ ஒடிசி’யில் டோடெட் என்ற பாத்திரம் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நாம் செய்தவற்றைப் பாராட்டி நிலாக்களைத் தருகிறது, பாராட்டு கேமுக்குள்ளேயே, அந்த உலகத்தின் குரலிலேயே வருகிறது. ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ கேமில் 900 கோரோக் விதைகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. அனைத்தையும் தேடிச் சேர்ப்பவருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு வேடிக்கைப் பரிசுதான். தேடிய இன்பத்துக்குத் தனியாகக் கூலி எதற்கு என்று கேம் செய்தவர்கள் கேட்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியோடு எனக்கு உடன்பாடு உண்டு.

உடன்பாடு இல்லாதது எங்கே என்றால், கன்சோல் எதையுமே நினைவில் வைத்திருக்க மறுப்பதில். ஸ்விட்சில் என் கணக்குப் பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு கேமையும் ஏறத்தாழ எத்தனை மணி நேரம் ஆடினேன் என்பதை ஐந்து ஐந்து மணி நேரமாகக் கூட்டிக் காட்டுகிறது. ஆடியதைச் சொல்கிறது, என்ன செய்தேன், எதுவரை போனேன், எந்த நாளில் முடித்தேன் என்பது இல்லை. கேம் அட்டையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இடம் போதாமல் சேவ் கோப்பையும் அழித்துவிட்டால், மாரியோவின் பாராட்டுப் பட்டியலும் அதோடு போய்விடும். திருத்துறைப்பூண்டியில் நடந்தது ஸ்விட்சுக்கு நடந்திருந்தால், சந்தா இல்லாத அண்ணனுக்கு அந்தத் தீபாவளியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இதுவரை சொன்னது, ஒருவருக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டு சொன்னது. நம் ஊர்களில் விளையாட்டு அப்படி நடப்பதில்லை. மயிலாடுதுறையில் பிளேஸ்டேஷன் 2 காலத்து கேம் சென்டர்களில் வளர்ந்தவன் நான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ‘சான் ஆன்ட்ரியாஸ்’ ஆடுவோம். கடைக்கு ஒரே 8 எம்பி மெமரி கார்டு. நாம் விட்ட இடத்தை மறுநாள் வருவதற்குள் வேறொரு பையன் தன் சேவ் கோப்பை அதன் மேல் எழுதி அழித்திருப்பான். இன்று அதே மாதிரியான கடைகளில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. கால்பந்து, ‘டெக்கன்’ என்ற சண்டை கேம், மல்யுத்தம், கிரிக்கெட் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எல்லாரும் ஆடுவது கடைக்காரரின் ஒரே கணக்கில். பள்ளி விட்டு வந்த பிள்ளை வியர்க்க வியர்க்க ஆடிப் பெறும் தங்க டிராஃபி, அவன் முகம்கூட நினைவில்லாத கடைக்கார அண்ணனின் பெயரில் சேர்கிறது. கும்பகோணத்தில் நான் போகும் கடையின் கணக்கைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான டிராஃபிகள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் ஆடிப் பெற்றதில்லை. “நமக்கு எதுக்குண்ணே இதெல்லாம், பசங்க ஆடுனது” என்று அவரே சொன்னார்.

வீட்டிலும் இதே நிலைதான். கன்சோலை முதலில் திறந்தவர் பெயரில் ஒரு கணக்கு. அண்ணன், தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை அனைவரும் அதில்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம்களில் இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்தவருக்குப் பதிவு கிடைக்குமா என்பது கேம் செய்தவர்களின் விருப்பத்தைப் பொறுத்திருக்கிறது. இந்தப் பதிவுகள் உருவான நாடுகளில் ஒருவருக்கு ஓர் அறை, ஒரு கன்சோல் என்பது இயல்பாக இருக்கலாம். இங்கே ஒரு தெருவுக்கு ஒரு கன்சோல் என்பதுதான் இயல்பு. விருந்தினராக வந்து ஆடியவர் தான் பெற்ற டிராஃபியைக் கைப்பேசி வழியாகத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் வழி ஒன்று வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை வருடிக் கணக்குக்குள் நுழையும் வசதி வந்துவிட்டது. ஆட்டம் முடிந்த பின் அதே முறையில் டிராஃபியை எடுத்துக்கொள்ள விடுவது தொழில்நுட்ப அளவில் கடினமாக இருக்காது என்றே நினைக்கிறேன். இந்த ஒன்றைச் செய்துவிட்டால், கடைக்காரரின் கணக்கில் உரிமையாளர் இல்லாமல் குவிந்துகிடக்கும் டிராஃபிகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இந்த வசதியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதானால் பிளேஸ்டேஷன் 5ஐத்தான் பரிந்துரைப்பேன். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் எக்ஸ்பாக்ஸ் வாங்கினால், புள்ளிக் கணக்கைப் பற்றி அவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பிளேஸ்டேஷன் வாங்குகிறவர்கள் முதல் நாளே வீட்டில் விளையாடும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் தொடங்கிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரின் கட்டுப்பாட்டில் இயங்கும் கணக்கு உண்டு. அமைப்புகளில் கேப்சர் பகுதிக்குப் போய், டிராஃபிக்காகத் தானே வீடியோ எடுப்பதை நிறுத்திவிடுங்கள். கதை சார்ந்த கேம் ஆடும் நாள்களில் டிராஃபி அறிவிப்பையும் நிறுத்திவைக்கலாம். பதிவு அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களிடம் பழைய பிளேஸ்டேஷன் வாங்கும் வழக்கம் இங்கே அதிகம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்படி வாங்கும் கன்சோலில், கேம்கள் அதில் இருக்கின்றனவே என்ற ஆசையில் பழைய உரிமையாளரின் கணக்கிலேயே ஆடத் தொடங்கிவிடாதீர்கள். அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் கேம்களும் போகும், அதுவரை நீங்கள் பெற்ற டிராஃபிகளும் அவர் பெயரிலேயே நிற்கும். ஒருவர் பெற்ற டிராஃபியை இன்னொருவர் கணக்குக்கு மாற்ற இன்றுவரை எந்த வழியும் இல்லை. காசு கொடுக்கும் முன், விற்பவர் முன்னிலையிலேயே அவரைத் தன் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி, கன்சோலை முழுதாக ரீசெட் செய்து, உங்கள் பெயரில் புதுக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.